பதினோரு நாள் முன்னதாக வந்த செய்தி

நீர்மூழ்கிக் கப்பலின் சமையல்காரருக்குக் கை வெந்துபோன செய்தியைத் துறைமுகத்து டால்பின்கள், அவருக்குக் கை வேவதற்கு மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டன. திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு அதைக் கேட்டவள் கடற்படையின் ஒலிப்பிரிவில் வேலை பார்த்த பெண். பதினாறு வருடமாக ஹெட்போனும் தலையுமாகவே இருந்ததால் அவளுக்கு ‘காது’ என்று பட்டப்பெயர். கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் கப்பலோடு அந்தப் பிரிவு டால்பின் குரலில்தான் பேசியது. வேறெந்தச் சத்தமாக இருந்தாலும் எதிரி உஷாராகிவிடுவான், டால்பின் விசிலடித்தால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று யோசித்து, ஏறும் விசிலிலும் இறங்கும் விசிலிலும் எழுத்துகளை மறைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செய்தியும் தேதியிலும் மணியிலும் தொடங்கும். கப்பலில் அந்த விசில்களைத் தட்டி அனுப்பும் வேலை அவளுடைய அண்ணனுக்கு. கடைசி விசிலைச் சற்று இழுத்து விடுவது அவன் பழக்கம். ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரிந்துவிடும்.

அன்று விசில் வந்தது ஜன்னலுக்கு நேர் கீழே, கப்பல்துறைப் பாலத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று டால்பின்களிடமிருந்து. கப்பலோ நானூறு மைலுக்கு அப்பால் இருந்தது. தேதி வியாழன் என்றிருந்ததால் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை அதே மணிக்கு, அதே சொற்களில், சமையல்காரரின் கை பற்றிக் கப்பலிலிருந்தே செய்தி வந்தது. அதற்கடுத்த வாரம் வடிகட்டி அடைத்துக்கொண்டதையும், ஒருவனுக்குப் பல்வலி வந்ததையும் டால்பின்கள் இப்படியே முன்கூட்டிச் சொல்லின. பிரிவு அதிகாரி அவற்றைத் தனித்தாளில் எழுதச் சொல்லி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். நாலாவதாக வந்ததைக் கேட்டதும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். இருபத்து மூன்றாம் தேதி, பிற்பகல் மூன்று நாற்பது, பின்னறையில் தண்ணீர், கதவு மூடவில்லை, நாற்பத்தொரு பேரும். அதோடு முடிந்துவிட்டது. கடைசி விசிலை அண்ணன் இழுக்கவில்லை. அது பாதியில் அறுந்திருந்தது. நாள்காட்டியில் அன்று பன்னிரண்டு.

அதிகாரி ஹெட்போனை வாங்கி, பதிவானதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். “இதை எழுதாதம்மா,” என்றார். “எழுதிட்டா நடந்து முடிஞ்ச மாதிரி ஆயிடும்.” பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தலைமையகத்துக்குப் போன் போட்டார். கப்பலைத் திருப்பும் உத்தரவு அங்கிருந்துதான் வரவேண்டும். எதிர்முனையில் சிரித்தது வெளியே நின்ற அவளுக்குக்கூடக் கேட்டது.

அடுத்த ஆறு நாளும் அவள் பயத்தோடுதான் பல் தேய்த்தாள், பயத்தோடுதான் பஸ் ஏறினாள். கப்பலைப் பற்றி வெளியே வாயைத் திறந்தால் ஜெயில். வீட்டிலோ அண்ணி, தையல் மெஷினில் அண்ணனுக்குப் புதுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் விழுந்தாலே இவள் எழுந்து போய் மூடினாள். குளிக்க வாளியில் தண்ணீர் பிடிக்க முடியவில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

“என்னடி ஆச்சு உனக்கு? தட்டையே முறைச்சிப் பாத்துட்டு இருக்க?” என்றாள் அண்ணி.

“ஒண்ணுமில்ல அண்ணி. பசியில்ல.”

“அவரு நல்லா இருக்காருல்ல? அதையாவது சொல்லு. எங்க இருக்காருன்னெல்லாம் கேக்கல.”

“இன்னைக்கு நல்லா இருக்காரு,” என்றாள் அவள். அது சத்தியமான வார்த்தை. அன்று அண்ணி சட்டைக்குக் கை தைக்கும்போது இரண்டு முறை தப்பாகத் தைத்துப் பிரித்தாள்.

பதினெட்டாம் தேதி மதியம் அதிகாரி எழுந்து, “நான் சாப்பிடப் போறேன். வர ஒரு மணி நேரம் ஆகும்,” என்றார். மேசையிலேயே டப்பாவைத் திறந்து பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிற மனிதர் அவர். டப்பா மேசையில்தான் இருந்தது. பக்கத்தில் அனுப்பும் மெஷினின் சாவியும் இருந்தது. அவள் வாசலைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். மெஷினில் சாவியைப் போட்டாள். உட்கார்ந்து, டால்பின் குரலில், உடனே திரும்பு என்று தட்டினாள். அவசரமாகத் தட்டியதில் விசில் குட்டி டால்பின் அழுவதுபோலப் போனது. பாலத்தடியில் இருந்த மூன்றும் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டன.

கப்பல் இருபத்தொன்றாம் தேதி காலை கரைக்கு வந்தது. நாற்பத்தொரு பேரும் இறங்கினார்கள். உத்தரவு யாருடையது என்று விசாரணை தொடங்கியது. அவளை ஒரு நாள் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் உட்காரவைத்து ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் கேட்டார்கள். சாவியைக் கவனிக்காமல் விட்டது தன் தவறு என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். வீட்டில் அண்ணன் புதுச் சட்டையின் மடிப்பைப் பிரிக்கக்கூட இல்லை.

“நீ சொன்னியேன்னு ஒவ்வொரு கதவையும் நானே கூட நின்னு பாத்தேன். ஒண்ணுலயும் ஒரு கோளாறும் இல்ல,” என்றான். “என்னை மட்டுமில்ல, நாப்பத்தொரு பேரையும் ஊர் சிரிக்க வச்சிட்ட. இனிமே எவன் மூஞ்சில நாங்க முழிக்கிறது?”

“தேதி இன்னும் வரல அண்ணா,” என்றாள் அவள். அதைச் சொன்ன பிறகு அவளுக்கு இன்னொரு பயம் வந்தது: அந்தத் தேதி சும்மா வந்து சும்மா போய்விட்டால்?

இருபத்து மூன்றாம் தேதி வெயில் நன்றாக அடித்தது. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. பாலத்தோரம் கட்டியிருந்த கப்பலைச் சோதித்த மெக்கானிக்குகள் மூன்றரைக்கு டீ குடிக்க மேலே வந்தார்கள். மூன்று நாற்பதுக்குப் பின்னறைப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. நாலடித்து முடிவதற்குள் கப்பல் கட்டிய கயிற்றையும் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே ஒரு ஆள் இல்லை. பாலத்தின்மேல் நாற்பத்தொரு பேரும் நின்று பார்த்தார்கள். சமையல்காரர் கட்டுப்போட்ட கையால் தலைகளை எண்ணினார், முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். அண்ணன் தரையில் உட்கார்ந்து தங்கையின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று அவன் நினைக்கவில்லை.

விசாரணைத் தாள்கள் எங்கே போயின என்று பிறகு யாரும் கேட்கவில்லை. பதிவேட்டில் ‘வந்தவை’, ‘அனுப்பியவை’ என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் ‘இனி நடப்பவை’ என்று மூன்றாவது பத்தி அச்சடித்து வந்தது. எதிரி நாட்டார் அந்த விசில்களை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். டால்பின்தானே என்று விட்டுவிட்டார்கள். அடுத்த ஒன்பது வருடத்தில் மூன்றாவது பத்தியில் இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள் சேர்ந்தன. பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ஆனாலும் ஒரு நாள்கூட அவள் பயமில்லாமல் ஹெட்போனை மாட்டியதில்லை. தேதி முடிந்து முதல் சொல் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள்.

அண்ணன் அதன்பின் கடலுக்குப் போகவில்லை. துறைமுகப் பட்டறையில் மோட்டார் பழுது பார்த்தான். விசில் மெஷினை அவன் தொட்டே வருடங்கள் ஆகியும் டால்பின்கள் அவன் கைப்பழக்கத்திலேயே பேசிக்கொண்டிருந்தன. சாயங்காலம் வேலை முடிந்து கிரீஸ் கையோடு ஒலிப்பிரிவின் வாசலில் வந்து நிற்பான்.

“இன்னைக்கு நான் என்ன சொன்னேன்?” என்று கேட்பான்.

அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பாள். “நாளைக்குப் பதினொண்ணே காலுக்கு மழைன்னு சொல்லியிருக்க.”

“அப்படியா,” என்பான். அண்ணிக்குப் போன் போட்டு, நாளைக்குத் துணி துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவான்.