மேல்மாடி, கடல் பார்த்த ரூம்

தையல்காரிக்குத் தன் ஓரகத்தி மேல் இருந்த பொறாமையைத் தராசில் வைத்தால் தராசு தாங்காது. அண்ணனைக் கட்டியவள் தையல்காரி, தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு பேரில் ஒருத்தி காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, பொழுது சாயும்வரை நூலும் பிசிறுமாக மிஷினோடு மல்லுக்கட்டுகிறாள். இன்னொருத்தி பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து, ஏசிக் காற்றில், "டாக்டர் இப்ப வந்துடுவாரு, உக்காருங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள். எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

சின்னவள் கெட்டவளாக இருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவள் வாய் நிறைய "அக்கா, அக்கா" என்பாள். உடம்பு சரியில்லை என்றால் ஓடி வருவாள். எது வாங்கினாலும் முதலில் கொண்டுவந்து காட்டுவாள். அந்தக் காட்டுவதுதான் தையல்காரிக்கு ஆகாது. காட்டினால்தானே வயிறு எரிகிறது!

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வந்ததும், இரண்டு குடும்பமும் சேர்ந்து கடற்கரைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அண்ணன் தம்பி பேசி முடித்தார்கள். ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது சின்னவள்தான்.

"நாங்க பின்பக்க ரூம்தான்கா போட்டிருக்கோம். தூங்குறதுக்குத்தானே, எதுக்கு வெட்டிச் செலவு?" என்றாள் போனில்.

தையல்காரிக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? 'எங்களாலேயே அவ்வளவுதான் முடிஞ்சுது, உங்களால என்ன முடியும்?' என்று கேட்டது. சின்னவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எரிகிற வயிற்றுக்குக் காது தனி.

தையல்காரி கையில் அப்போது கொஞ்சம் பணம் இருந்தது. ஓவர்லாக் மிஷின் வாங்க வைத்திருந்த பணம். துணி ஓரத்தில் பிசிறு வராமல் அடிக்கிற மிஷின் அது. அவளிடம் அது இல்லாததால், தைத்த துணியை எல்லாம் மூட்டை கட்டி அடுத்த தெருக் கடைக்குக் கொண்டுபோய், அவனுக்குக் கூலி கொடுத்து ஓரம் அடித்து வாங்கி வருவாள். லாபத்தில் பாதி அங்கேயே போய்விடும். ஒரு பள்ளிக்கூடத்தில் சீருடை தைக்க ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், சொந்த ஓவர்லாக் இருந்தால்தான் தருவோம் என்று நிபந்தனை வேறு. கடையை மூடப்போகிற ஒருவர் தன் பழைய மிஷினை மாதக் கடைசிவரை அவளுக்காக நிறுத்தி வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தைத்தான் இவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அதே ஓட்டலில் மேல்மாடியில் கடல் பார்த்த ரூம் போட்டாள். புருஷனிடம் கேட்டாளா? கேட்டால் விடுவானா?

"எல்லா ரூமும் ஒரே விலைதாங்க. நமக்கு அதிர்ஷ்டம், மேல கிடைச்சிருக்கு" என்றாள்.

புருஷன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். சொன்னதை நம்பிவிட்டு, சந்தோஷமாகத் தம்பியிடமும் போய்ச் சொல்லிவிட்டான். அன்று ராத்திரி தையல்காரி சிரித்த முகத்தோடு தூங்கினாள். மறுநாள் காலையில்தான் மிஷின் ஞாபகம் வந்து பகீரென்றது. அதற்குள் பணம் போய்விட்டது.

இந்த நிலையில்தான் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, ஓட்டலை மூடிட்டாங்களாம்! எங்க கிளினிக்குக்கு வர்ற ஒருத்தர் அந்தப் பக்கமா போயிருக்காரு, கேட்ல பூட்டுத் தொங்குதாம். நீங்க பதறாதீங்க. புக்கிங் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவங்களே கேன்சல் பண்ணி மெசேஜ் அனுப்புவாங்களாம், பணமும் தானா வந்துடுமாம். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க."

தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூடினானே மகராசன்! பண்ணின முட்டாள்தனத்தை யாருக்கும் தெரியாமல் அழித்துவிட்டு மிஷினை வாங்கிவிடலாம் என்று மனசு துள்ளியது. துள்ளினது அப்படியே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு நிமிஷத்தில் மனசு வேறு பக்கம் திரும்பிவிட்டது. 'தொடாதீங்கன்னு ஏன் சொல்றா? மூடின ஓட்டல்காரன்கிட்ட எவ்வளவு பணம் இருக்கும்? முதல்ல கேக்குறவங்களுக்குத்தான் கிடைக்கும். இவ முதல்ல வாங்கிக்கிட்டு, நம்மள வரிசையில கடைசியில நிறுத்தப் பாக்குறா!'

போனை எடுத்தாள். ரூம் போட்ட பக்கத்தைத் திறந்து, 'ரத்து செய்' என்று இருந்த இடத்தை அழுத்தினாள். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அவளுக்கா நிச்சயம் இல்லை! மறுபடியும் அழுத்தினாள். சின்னவளை முந்திவிட்டோம் என்ற நிறைவோடு ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொறாமைக்காரிக்கு அதுவும் கிடையாது.

ஒரு வாரத்தில் சின்னவளுக்குப் பணம் வந்துவிட்டது. "உங்களுக்கும் வந்துடுச்சாக்கா?" என்று கேட்டாள். "எப்பவோ வந்துடுச்சே!" என்றாள் தையல்காரி. வந்தது பணம் இல்லை, ஒரு மெசேஜ். நீங்களாகவே ரத்து செய்ததால் விதிப்படி தொகை திருப்பித் தரப்பட மாட்டாது, எங்களோடு இருந்ததற்கு நன்றி. நன்றியாம் நன்றி! ஓட்டலுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டின கட்டடத்தில் யார் எடுப்பார்கள்? புக்கிங் கம்பெனிக்குப் போட்டால், ஓட்டலைக் கேளுங்கள் என்றார்கள்.

மாதக் கடைசி நெருங்கியது. மிஷின்காரர் ஒருமுறை ஆள் விட்டுக் கேட்டார். வேறு வழியில்லாமல் புருஷனிடம் உண்மையைக் கொட்டினாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் விலையைக் கேட்டுவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"கடலைப் பாக்கவா இவ்வளவு? அது பாட்டுக்கு சும்மாதானே கிடக்கு! கரையில போய் நின்னா காசா கேக்குது?"

"சிரிக்காதீங்க, எனக்கு அழுகை வருது."

"சரி சரி, அழாத. கார்டுலதானே கட்டின? பேங்க்ல போய்க் கேளு. எங்க டிப்போவுல ஒருத்தருக்கு இப்படித்தான் வாங்கிக் குடுத்தாங்க."

வங்கியில் கார்டு புகார் பார்க்கிற பெண் பொறுமையாகக் கேட்டாள். "பணம் கட்டி, ரூம் கிடைக்கலைன்னா நாங்க திருப்பிக் கேக்கலாம்மா. ஆனா நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டீங்களே. நீங்க ரத்து பண்றதுக்கு முன்னாடியே ஓட்டல் மூடிடுச்சுன்னு காட்டினா கேஸ் நிக்கும். மத்தவங்களுக்கு அறிவிப்பு அனுப்பியிருப்பாங்களே, எந்தத் தேதியில இருந்து மூடியிருக்குன்னு? அதே ஓட்டல்ல ரூம் போட்டவங்க யாராவது தெரியுமா?"

தெரியுமாவா! ஊரில் இத்தனை பேர் இருக்க, கடவுள் அந்த ஒருத்தியிடம்தான் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா? சின்னவளிடம் போனால் பணம் வந்துவிட்டது என்று சொன்ன பொய் உடையும். தொடாதே என்றபோது தொட்டது தெரியும். ரூம் விலை தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே அவள் "ஐயோ பாவம்கா" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு மிஷினே வேண்டாம் என்று தையல்காரி இரண்டு நாள் வீம்பாக இருந்தாள். மூன்றாம் நாள் ஓரம் அடித்த கூலியை அடுத்த தெருக்காரனுக்கு எண்ணிக் கொடுத்தபோது வீம்பு இறங்கிவிட்டது.

போனில் சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், இடையில் அவள் ஏதாவது கேட்டால் நிறுத்திவிடுவோம் என்ற பயத்தில் சொன்னாள். "உனக்கு வந்த அந்த மெசேஜை மட்டும் எனக்கு அனுப்பிடும்மா, போதும்."

"பாக்குறேன்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள் சின்னவள்.

பாக்குறாளாம்! அவ்வளவுதானே, ஒரு மெசேஜ் அனுப்ப யோசனை! நம்மிடம் கெஞ்ச வைத்து வேடிக்கை பார்க்கிறாள் என்று தையல்காரி கொதித்தாள். அன்றைக்கு ஒரு சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

சாயங்காலம் கிளினிக் உடையோடு சின்னவளே கடைக்கு வந்து நின்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை.

"மெசேஜ் இதுல இருக்குக்கா. அதுல என் ரூம் விவரமும் இருக்கு. நீங்க பாக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். நீங்க சிரிக்கக் கூடாது."

"நான் ஏன் சிரிக்கப்போறேன்?"

"முதல்ல பின்பக்கம்தான்கா போட்டிருந்தேன். அப்புறம் நீங்க மேல்மாடின்னு உங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. எனக்குத் தூக்கமே வரல. மறுநாள் சம்பள அட்வான்ஸ் வாங்கி ரூமை மாத்திட்டேன். நானும் மேல்மாடிதான். மூலை ரூம். ரெண்டு பக்கமும் பால்கனி. உங்க கொழுந்தன்கிட்ட எல்லாம் ஒரே விலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தையல்காரிக்குக் கையில் இருந்த கத்திரி அப்படியே நின்றது. அவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இரக்கமா? ஆறுதலா? அதெல்லாம் இல்லை. 'மூலை ரூமா? ரெண்டு பால்கனியா?' என்றுதான் குபீரென்று எரிந்தது. பூட்டிக் கிடக்கிற ஓட்டலில், இரண்டு பேரும் கால் வைக்காத ரூமுக்காக எரிந்தது.

அந்த எரிச்சலுக்குப் பின்னால்தான் மற்றது மெதுவாக உறைத்தது. இவள் ராத்திரி தூங்கவில்லையா? என்னை நினைத்தா?

"என்னைப் பாத்து உனக்கு என்னடி பொறாமை? என்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? உங்களுக்குச் சொந்தக் கடை. நினைச்சா தொறப்பீங்க, நினைச்சா மூடுவீங்க. நான் பாத்ரூம் போகணும்னாகூட அந்த டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் எந்திரிக்கணும். ஏசி, ஏசின்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு வருஷம் பூரா சளி."

இத்தனை வருஷமாகத் தன் வயிறு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தாள் தையல்காரி. தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு எரிந்திருக்கிறது! வெட்கமாகவும் இருந்தது, ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போல சந்தோஷமாகவும் இருந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருடி முதல்ல" என்று அதட்டினாள். சிரிக்கக் கூடாது என்று சொன்னவள்தான் முதலில் சிரித்தாள்.

அந்த மெசேஜ் போதுமானதாக இருந்தது. தையல்காரி ரத்து செய்வதற்கு முன்பே ஓட்டல் மூடியாகிவிட்டது என்று அதில் தேதியோடு இருந்தது. முடிவு வர நாளாகும் என்று வங்கியில் சொன்னார்கள், ஆனால் கேஸ் நிற்கும் என்றும் சொன்னார்கள். மிஷின்காரர் அதைக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பணம் முழுசாகத் திரும்பி வந்தது. மிஷினும் வந்தது.

வந்த அன்றைக்கே சின்னவள் பார்க்க வந்தாள். மிஷினைச் சுற்றி வந்தாள், நூல் கோக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தாள், மேல்தகட்டை விரலால் தடவினாள்.

"நல்லாயிருக்குக்கா" என்றாள்.

அந்தக் குரல் தையல்காரிக்கு நன்றாகத் தெரியும். சின்னவள் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் தானே சொல்லிச் சொல்லிப் பழகின குரல் அது. கொஞ்ச நேரம் அதை ஆசை தீர அனுபவித்தாள், அதை மறைப்பானேன்? அப்புறம் எழுந்து தன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"பாத்துக்கிட்டே நின்னா எப்படி? வா, உக்காரு. முதல் துணி நீ ஓட்டு."