உப்பில்லாப் பத்தியம்

எங்கள் நாய்க்குக் காளை என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி. காதைப் பிடித்து இழுத்தாலும் கையை நக்குகிற நாய் அது. கோச்சடையில் எங்கள் தெருவே பெயரைக் கேட்டுச் சிரித்தது. இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரிகிறது.

சித்திரை வெயிலில் வைகைக் கரைப் பக்கம் போன காளையை ஒரு வெறிநாய் தொடையில் கடித்துவிட்டது. "இன்னைக்கே ஊசி போட்டுருவோம் மாமா" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. தான் ஓட்டுகிற லோடு வண்டியில் காளையை ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் தன் ஊருக்குப் போய், நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுக்கிறவரிடம் மருந்து வாங்கி ஊட்டிவிட்டு வந்தார்.

"எங்க ஊரு மாடு கன்னுக்கெல்லாம் இதேன் வைத்தியம். உப்பில்லாமப் பத்தியம் இருந்தா சரியாப் போகும்" என்றார்.

காளை எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்த நாய். அது மட்டும் சப்பென்று தின்னுமா என்று தனக்கும் உப்பில்லாமல் ஆக்கச் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தின்றார்கள். அதைப் பார்த்து நானும் சிரித்துத் தொலைத்தேன்.

புண் ஆறிவிட்டது. ஆறின பிறகுதான் காளைக்குத் தண்ணீர் இறங்காமல் போனது. வாயில் நுரை ஒழுகியது. கால்நடை டாக்டர் வந்து தள்ளி நின்று பார்த்தார். "யாரும் கிட்டப் போகாதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கங்க. இதுக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

காளையைப் பின்பக்கம் குளியலறையில் அடைத்துவிட்டு நாங்களும் ஊசி போட்டுக்கொண்டோம். கதவுக்கு வெளியே உட்கார்ந்து இவர் "காளை, காளை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் வால் தகரக் கதவில் அடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவைக் கடிக்கிற சத்தம். மறுநாள் எதுவும் கேட்கவில்லை. கடைசியாகத் தடவிக் கொடுக்கக்கூட விடவில்லை. கையுறை போட்ட கார்ப்பரேஷன் ஆட்கள் சாக்கில் சுற்றி எடுத்துப்போய், குழியில் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள்.

அதற்குப் பிறகும் இவர் உப்பைத் தொடவில்லை.

"செத்த நாய்க்கு இன்னும் என்னத்துக்குப் பத்தியம்? யாருக்கிட்ட வீம்பு காட்டுற?" என்று ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தேன். அவர் சிந்தின சோற்றை அள்ளிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆள் மெலிந்துகொண்டே போனதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

தை பிறந்ததும், அவரோடு லோடு அடிக்கிற சின்னச்சாமி மூன்று மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். "மதினி, அண்ணன் முகத்தைப் பாக்க முடியல. இதை வச்சுக்கங்க" என்றான்.

"வேணாம்டா. நாய் வளக்குற யோக்கியதை எனக்கு இல்ல" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யோக்கியதை இருக்கோ இல்லையோ, வாயில்லாச் சீவனைத் திருப்பி ரோட்டுல விடச் சொல்றியா? மொதல்ல ஊசி போடணும். அப்பறந்தான் வாசப்படி ஏறணும். நீதேன் தூக்கிட்டு வரணும்."

மாட்டாஸ்பத்திரியில் குட்டியை அவரே பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா பிடரித் தோலைத் தூக்கி ஊசியைக் குத்தினார். குட்டி ஒருதடவை வீல் என்றது. "முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்திருந்த ஆட்டைப் பார்க்கப் போனார்.

இவர் நகரவில்லை. என்னைப் பார்த்து, "இம்புட்டு நேரந்தானா?" என்று கேட்டார்.

இத்தனை மாதமாகத் திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "ஆமா மாமா, இம்புட்டுத்தேன்" என்றேன். இவர் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்கத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு உப்புப் போட்டே சோறு பிசைந்து வைத்தேன். ஒரு வாய் வைத்துப் பார்த்தார். தட்டைக் குட்டியின் பக்கம் நகர்த்தினார்.

"இது உப்போட திங்கட்டும். எனக்கு வேற போடு, தாமரை" என்றார்.

உப்பில்லாமல் போட்டேன்.