மடக்கிய குடைகள்

கலஹாத் தோட்டத்து வில்மொட் துரைக்கு ஒரு கூரை தேவைப்பட்டது. சுப்பம்மாவுக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தேவைப்பட்டது. இரண்டு தேவைகளும் கண்டிக் கடைவீதியில், துணி விற்கும் சாஹுல் ஹமீதின் பிடவைக் கடை வாசலில் நேருக்கு நேர் நின்றன.

உலகத்துத் தபால் முத்திரைகளையெல்லாம் ஓரிடத்தில் கூட்டிப் பார்வைக்கு வைப்பது! பாரிஸும் பிரசல்ஸும் நினைத்துப் பார்க்காத பெரும் கண்காட்சியைக் கண்டியிலே நடத்திக் காட்டுவது! இந்த ஆசை துரையின் தலைக்குள் புகுந்த காலத்தில் மலையெங்கும் காப்பி செழித்திருந்தது. தோட்டத் துரைமார் விருந்து மேசையில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். கோப்பையை உயர்த்தி வாழ்த்தினார்கள். அந்த வாக்கை நம்பி அவர் கடல் கடந்த கனவான்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினார். அவர்களும் தங்கள் வாழ்நாள் சேகரிப்பைப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார்கள். பெட்டிகள் கொழும்பில் இறங்கியபோது காப்பி இலைகள் மஞ்சள் துருப் பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. இலையோடு சேர்ந்து வாக்கும் உதிர்ந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குப் பணம் கேட்டார். அடுத்த போகத்தில் பார்க்கலாம் என்றார்கள். கூரைக்குக் கேட்டார், ஊரிலேயே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். மாசி வெயிலில் நடக்க வேண்டிய விழா ஐப்பசிக்குத் தள்ளிப்போயிற்று.

வாவிக்கரை வெளியில் வெறும் கால்கள் மட்டும் நட்டுக் கிடந்தது பந்தல். அதற்குக் கூரை தேடித்தான், ஒருநாளும் ஏறிட்டுப் பாராத கடைவீதிக்கு அவர் குதிரையை விட்டு இறங்கி வந்திருந்தார். பணம் தருகிறவர்களின் பெயரை வாசல் பலகையில் பொறிப்பதாகச் சொன்னார். வியாபாரிகள் தலையாட்டினார்கள், மடியை அவிழ்க்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் குடைக்கடையிலிருந்து சுப்பம்மா இறங்கி வந்தாள்.

"தகரக் கூரை முழுசும் என் செலவு. கண்ணாடியும் நானே போட்டுத் தாறேன். பலகையில பேரு வேணாம்."

துரை அவளை மேலும் கீழும் பார்த்தார். தோட்டத்தில் கற்ற தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். "பின்னே என்ன வேணும் ஒனக்கு?"

"ஒரு வார்த்தை. இனிமே தொரை முன்னால யாரும் குடை மடக்க வேணாம்னு நீங்க ஒங்க வாயால சொல்லணும். கலஹா ரோட்டுல ஆளுகளை நிறுத்தி வச்சுச் சொல்லணும்."

துரை வரும் வழியில் குடை விரிந்திருக்கக் கூடாது. மழையானாலும் மடக்கி, ஓரத்தில் இறங்கி நிற்க வேண்டும். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். எழுதினால் வெட்கப்பட நேரும் என்றுதான் சாட்டையிலே எழுதி வைத்திருந்தார்கள்.

"எதுக்கு ஒனக்கு இது?"

"எட்டு வருசத்துக்கு முந்தி, கலஹா வளைவுல, காய்ச்சல் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்த ஒரு பொம்பளையோட குடையச் சாட்டையால அடிச்சுப் பள்ளத்துல தள்ளுனீங்களே, ஞாபகம் இருக்குங்களா?"

துரை உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நினைவில் துழாவினார். பிறகு கையை விரித்தார்.

"நான் எத்தனையோ குடை அடிச்சிருக்கேன்."

அந்தப் பதில் அவளை அடித்தது போலச் சாட்டைகூட அடித்ததில்லை. அவர் வெறுப்போடு அதைச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் மறந்திருந்தார்! அன்று கொட்டிய மழையில், சீமாட்டிகளும் சீமான்களுமாய் அவருடைய விருந்தாளிக் கூட்டம் குதிரைகளில் கடந்து முடியும்வரை, அவள் ஓரத்தில் நிறுத்தப்பட்டாள். மகள் அஞ்சலை தோளிலே நனைந்தாள். நெருப்பாய்க் கொதித்த அந்தச் சின்ன உடம்பு பேராதனைப் பாலத்தை எட்டுமுன் குளிர்ந்துபோயிற்று. கண்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்ற பிள்ளையைக் கண்டி மண்ணிலே புதைத்துவிட்டு, சுப்பம்மா தோட்டத்துக்குத் திரும்பவில்லை. உடைந்த குடைகளுக்குக் கம்பி மாற்றினாள், பிறகு புதுக் குடைகள் விற்றாள், கடை வைத்தாள். ஆனால் தன் தலைக்குமேல் ஒரு குடையை அவள் விரித்ததே இல்லை. அந்த வார்த்தையைக் கேட்கிறவரை விரிப்பதில்லை என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஆணை.

துரை சிரித்துக்கொண்டே குதிரையில் ஏறினார். "கூலிக்காரி போட்ட கூரைக்குக் கீழே ராஜாக்களோட முத்திரை இருக்குமா? தகரம் வேணாம். என் தோட்டத்துல ஆள் இருக்கு, தென்னங்கிடுகு இருக்கு. போ, போய்க் குடை வித்துப் பொழை!"

குளம்பொலி ஓய்ந்ததும் சாஹுல் ஹமீது அளவுகோலால் மேசையைத் தட்டினார். "ஏன் தங்கச்சி, ஒரு கூரையக் குடுத்து ஒரு வார்த்த வாங்கப் பாத்தியே! வெள்ளக்காரன்ட வார்த்த அவ்வளவு மலிவெண்டு ஆரு சொன்ன ஒனக்கு?"

"மலிவா வாங்கத் தெரியலேன்னா வேற மாதிரி வாங்குவேன், ஹமீது நானா. ஒங்க கிடங்குல எத்தனை குடை இருக்கு?"

"குடையா? அல்லாஹ்வே, மழைய வெலைக்கு வாங்கப் போறியா புள்ள?"

கூரைக்கென்று எடுத்து வைத்த பணம் குடைகளாயிற்று.

கலஹாத் தோட்டத்து லயங்களுக்கு, தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளுக்கு, மாட்டு வண்டியில் குடைக்கட்டுகள் போய் இறங்கின. அங்கே ஆணும் பெண்ணும் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் காப்பிக் காட்டில் வேலை. அது முடிந்து வந்தால் கிடுகு. முன்னதற்குக் கூலி பாதி. பின்னதற்குக் கூலியே இல்லை. முத்திரைக்கு மாளிகை! மனிதனுக்கு ஒழுகும் லயம்! ஊமை ராணிகளின் தலைகள் நனையக் கூடாது. உழைக்கிற பெண்ணின் தலை நனையலாம்! சுப்பம்மா இதையெல்லாம் சொன்னாள். குரல் கட்டும்வரை சொன்னாள். விழா நாளில் துரை வரும் பாதையின் இருபுறமும் அவர்களை வரிசையாக நிறுத்தப் போகிறார்கள், நின்றால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவன் வர்றப்ப எல்லாரும் விரிச்ச குடை விரிச்சபடி நில்லுங்க. சீமையிலேருந்து வந்தவங்க பாக்கட்டும். அத்தனை பேரையும் அவன் என்ன செஞ்சிடுவான்?"

கறுப்பையா கங்காணி வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "என்ன செய்வானா? பேரை வெட்டிப் பத்துச்சீட்டக் கிழிச்சுக் கையில குடுத்து விரட்டுவான். ஒனக்குக் கடை இருக்கும்மா. எங்களுக்கு இந்த லயத்தை விட்டா மகாவலி ஆறுதான் இருக்கு."

"அன்னிக்கு அவன் ஒடச்சது ஒங்க குடையத்தானே அண்ணே? நீங்க இரவல் குடுத்ததுதானே?"

"ஆமா. அதுக்கப்புறம் நான் குடையே வாங்கல. நனைஞ்சிக்கிட்டே இருக்கேன், உசுரோட இருக்கேன்."

"இதுக்குப் பேரு உசுரா?"

அவர் ஒரு குடையை எடுத்து விரித்து, மடக்கி, கம்பியைத் தடவிப் பார்த்தார். "நல்ல குடை. குடை வேணும்மா. வம்பு வேணாம்."

மற்றவர்களும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்கள். திரும்பும் வழியெல்லாம் சுப்பம்மாவின் கோபம் துரையை விட்டு அவர்கள்மீது பாய்ந்தது. முதுகெலும்பில்லாத கூட்டம்! இவர்களுக்காகவா? இல்லை, அஞ்சலைக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லியும் ஆறவில்லை.

விழா நாள் பளீரென்று விடிந்திருந்தது. பந்தலுக்குள் நீள நீளமான பலகைகள்; பலகை முழுக்கப் பசை தடவி ஒட்டிய முத்திரைகள்; சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் எத்தனையோ தேசத்து மன்னர்கள், எத்தனையோ தேசத்து மகுடங்கள். மேலே கண்ணாடி இல்லை. பாண்டு வாத்தியம் முழங்க, சீமாட்டிகளும் கடல் கடந்து வந்த கனவான்களும் சாரட்டுகளில் வந்து இறங்கினார்கள். வெளியே வெயிலுக்கு விரிந்த கருங்குடைகள் இரண்டு கரையாய் நீண்டிருந்தன. அந்தக் கரையின் முடிவில் சுப்பம்மா வெறுந்தலையோடு நின்றாள்.

துரையின் குதிரை திரும்பியது. அவர் வாயைத் திறக்கவில்லை. சாட்டையை ஒரு விரற்கடை உயர்த்தினார். அவ்வளவுதான். முதற்குடை மடங்கியது, அடுத்தது மடங்கியது, காற்றில் சாயும் நாணல் போல வரிசை முழுதும் மடங்கிக்கொண்டே வந்தது. கடைசியாகக் கறுப்பையாவின் குடை மடங்கியது.

சுப்பம்மாவின் அருகே குதிரை நின்றது. துரை குனிந்து, சிரித்தபடி சொன்னார்: "பாத்தியா? ஒன் குடைக்குக்கூட மரியாதை தெரியுது."

அவர் உள்ளே போனார். பிரசங்கம் ஆரம்பமானது. கைதட்டல் கேட்டது. சுப்பம்மா போய்விடலாம் என்று நினைத்தாள், கால் வரவில்லை.

ஐப்பசி மாதத்துக் கண்டி வானம் யாருடைய பிரசங்கத்துக்கும் காத்திருப்பதில்லை. ஹந்தானை மலையின் பின்னாலிருந்து கறுத்து எழுந்து, வாவியைத் தாண்டி, இடியோடு இறங்கியது மழை. கிடுகுக் கூரை சற்று நேரம் தாங்கியது. கூலி கொடுக்காமல் பின்னுவித்த கிடுகு. கூலி கொடுக்காமல் கட்டுவித்த முடிச்சு. அந்தக் கைகளில் எவ்வளவு இறுக்கம் இருந்திருக்கும்? முதலில் ஒரு மூலை ஒழுகியது. பிறகு நடு முகடு பிளந்தது. பிறகு வானமே பந்தலுக்குள் வந்துவிட்டது.

சீமாட்டிகள் அலறினார்கள். வெள்ளைக்காரர்களிடம் இருந்த நாலைந்து குடைகளும் அந்தச் சீமாட்டிகளோடு சாரட்டுகளில் ஏறிப் போய்விட்டன. வெளிக்கு அப்பால் ஒரு கல்கட்டடம் இருந்தது. பலகைகளை அங்கே கொண்டு சேர்த்தால் பிழைக்கும். ஆனால் இடையிலே அத்தனை தூரம் மழை. துரை வெளியே ஓடிவந்தார். தலைத்தொப்பி இல்லை. அவர் எதிரே, கொட்டும் மழையில், கைக்குக் கை குடையோடு, நனைந்தபடி நின்றது கூட்டம்.

"குடை! குடையை விரிங்க! எல்லாரும் இங்கே வாங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"கங்காணி! விரிடா!"

கறுப்பையா பணிவாக ஓர் அடி முன்னே வந்தார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "தொரை முன்னால விரிக்கக் கூடாதுங்களே."

"நானே சொல்றேன், விரி!"

"இன்னிக்குச் சொல்றீங்க. நாளைக்கு ரோட்டுல கண்டா சாட்டையால அடிப்பீங்க. நாங்க ஏழைங்க தொரை. எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லிட்டீங்கன்னா நல்லதுங்க."

சுப்பம்மா நிமிர்ந்தாள். கறுப்பையாவின் முகத்தில் பயம்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளே வெற்றிலைக் கறை படிந்த ஒரு பல் மட்டும் தெரிந்தது.

உள்ளே ஒரு பலகை சரிந்து விழுந்த சத்தம். துரை சீமாட்டிகள் உட்கார்ந்திருந்த கதிரை ஒன்றை இழுத்து, அதன்மேல் ஏறினார். கடல் கடந்து வந்த கனவான்கள் பார்த்திருக்க, கண்டி நகரம் பார்த்திருக்க, தொண்டை கிழியக் கத்தினார்:

"இனிமேல் என் முன்னாலே யாரும் குடை மடக்க வேண்டாம்!"

சுப்பம்மாவின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ரோட்டுலயும்?"

"ரோட்டிலும்!"

"மத்தத் தொரைமாரு முன்னாலயும்?"

"எந்தத் துரை முன்னாலும்! விரிங்க! கடவுளே, விரிங்க!"

விரிந்தன. அத்தனை குடைகளும் ஒரே சத்தத்தில், ஒரே வீச்சில், வாவிக்கரை முழுதும் விரிந்தன. துரை கைகளை நீட்டி வரவேற்றார். ஆனால் குடைகள் பந்தலை நோக்கி வரவில்லை. ஒவ்வொரு குடையும் அதைப் பிடித்திருந்தவரின் தலைக்குமேலேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, பேராதனைச் சாலையை நோக்கி நடக்கத் தொடங்கியது.

"எங்கே போறீங்க? இங்கே! இந்தப் பக்கம்!"

"அரைப்பேருக்கு நின்னாச்சுங்க," என்றார் கறுப்பையா. அவரும் திரும்பினார்.

பந்தலுக்குள்ளிருந்து தண்ணீர் வாய்க்காலாக ஓடிவந்தது. பசை விட்டுப்போன முத்திரைகள் அதில் மிதந்தன: ராஜாக்கள், ராணிகள், கழுகுகள், சிங்கங்கள். சிலவற்றின் சாயம் கரைந்து, முகமே இல்லாத வெற்றுத் தாளாகியிருந்தன. துரை கதிரையிலிருந்து இறங்கித் தடுமாறிச் சுப்பம்மாவிடம் வந்தார். அவள் கையில் ஒரு குடை இருந்தது. இன்னும் விரியாத ஒரே குடை.

"அதைக் குடு. என்ன விலை வேணும்னாலும் தாறேன்."

"எத்தனையோ குடை அடிச்சீங்களே தொரை. ஒண்ணையாச்சும் எடுத்து வச்சிருக்கலாமே."

அவள் குடையை விரித்தாள். தன் தலைக்குமேல் விரித்தாள். கலஹா வளைவுக்குப் பிறகு முதன்முறையாக விரித்தாள். மழையில் நிறுத்தப்படுவது என்னவென்று அவர் முகத்தில் விளங்கிவருவதைப் பார்க்கும்வரை அங்கேயே நின்றாள். விளங்கியதும், அவரை மழையிலே விட்டுவிட்டு நடந்தாள்.

சாலையில் கறுப்பையாவை எட்டிப் பிடித்தபோது, அவர் ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தில் ஒரு முத்திரை ஒட்டியிருந்தது.

"எந்த ஊரு ராசான்னு தெரியலம்மா. போக மாட்டேங்கிறான்."

"சும்மா நடங்கண்ணே. கலஹா போறதுக்குள்ள தேஞ்சிடுவான்."

பேராதனைப் பாலத்தருகே எதிரே ஒரு குதிரை வந்தது. வேறு யாரோ ஒரு துரை. வாவிக்கரையில் நடந்தது அறியாதவர். பழக்கத்தில் கறுப்பையாவின் விரல் குடையின் விசைக்குப் போயிற்று. முன்னால் போனவர்களின் விரல்களும் போயின. சுப்பம்மா குடையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்து, சாலையின் நடுவே ஏறி நடந்தாள். விசைக்குப் போன விரல்கள் அங்கேயே நின்றன. ஒரு குடையும் மடங்கவில்லை.

குதிரை தயங்கியது. பிறகு சாலையை விட்டு ஓரத்துச் சேற்றில் இறங்கி, அவர்கள் அத்தனை பேரும் கடந்து முடியும்வரை மழையில் நனைந்தபடி நின்றது.