கண் திறக்காத சிலை

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு பார்க்க வருகிற கூட்டம், சாமி கும்பிட்ட கையோடு நுழைகிற இடம் ஆவுடை மலிவு மாளிகை. சிவகிரி, ராயகிரி, பனவடலிசத்திரம் என்று எங்கிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் ஒரு பிளாஸ்டிக் வாளியாவது வாங்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். ஓரம் நைந்த வேட்டி, மூடி சேராத டப்பா, வாய் கோணின எவர்சில்வர் செம்பு என்று கழித்துப் போட்டதையெல்லாம் மொத்தமாக அள்ளி வந்து, பாதி விலைக்கு விற்றே பெரிய ஆளானவர் ஆவுடையப்பன். மலிவாகக் கிடைக்கிறதென்றால் அந்த மனுஷன் எதையும் விட மாட்டார். சொந்தச் சாவைக்கூட விடவில்லை என்பதுதான் அவர் மனைவி தங்கத்தாயின் ஆத்திரம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆவுடையப்பன் தன் சிலைக்குத் தானே ஏற்பாடு செய்தார். "மருதப்பன்கிட்ட விட்டா ரெண்டு மடங்கு குடுத்துட்டு முழிச்சுக்கிட்டு நிப்பான்" என்றார். மருதப்பன் அவர்களுடைய ஒரே மகன். வெளியூரிலிருந்து பிச்சையா ஆசாரி கருங்கல்லில் மார்பளவு சிலை செய்து கொண்டுவந்து இறக்கினார். முகம் அச்சு அசல் அவர்தான், கண் மட்டும் இல்லை. உயிரோடு இருக்கிறவர் சிலைக்குக் கண் திறக்க மாட்டேன், அவர் காலத்துக்குப் பிறகு வந்து திறக்கிறேன் என்று ஆசாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பன் அதோடு நின்றாரா? பீடத்தில் எழுத்து வெட்டுவதற்கு மொத்தமாகப் பேசினால் கூலி குறையும். அதனால் 'தோற்றம் 1915' என்பதோடு 'மறைவு 198' என்பதையும் வெட்ட வைத்து, கடைசி எண்ணுக்கு மட்டும் இடம் விட்டார்.

"எதுக்கு எட்டைப் போட்டிய? தொண்ணூறுல நீங்க இருக்க மாட்டியளா?" என்று தங்கத்தாய் அன்றைக்கே கேட்டாள்.

"எங்க வம்சத்துல எழுபத்தஞ்சைத் தாண்டினவன் எவன் இருக்கான்? போயி வேலையைப் பாருட்டி" என்று சிரித்தார். சிலையைச் சாக்கால் மூடிக் கடைக்குப் பின்னால் குடோனில் வைத்தார்கள்.

இப்போது எண்பத்தொன்பது மார்கழி; தொண்ணூறு பிறக்க இரண்டே வாரம். மனுஷன் இன்னும் முறுக்கைக் கடித்துத் தின்கிறார். கல்லாச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. தங்கத்தாய்க்குத்தான் உயிர் கையில் இல்லை. அவர் இருமினால் இவள் ஓடி வந்து பார்ப்பாள். தினமும் கோமதியம்மன் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்து வந்து அவர் நெற்றியில் பூசினாள். அந்தப் பீடத்தை உடைத்துப் போடச் சொல்லி அழுதும் பார்த்தாள். "நல்ல கல்லை யாராவது உடைப்பாவளா?" என்று கேட்டார் அவர்.

மகன் பேச்சு இன்னும் பயமாக இருந்தது. ராஜபாளையம் ரோட்டில் புதுக் கடை கட்டி முடித்திருந்தான். வாசலில் சிலைக்கு மேடையும் தயார். தை மாசம் கடைத் திறப்பு, சிலைத் திறப்பு எல்லாம் ஒரே நாளில் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

"அப்பா இருக்கையில எப்படிலே சிலையைத் திறப்பே?" என்று கேட்டாள்.

"தைக்கு இன்னும் நாள் கிடக்கும்மா" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாவியைக் கேட்டுப் பலமுறை தகப்பனோடு சண்டை போட்டவன், கார்த்திகையிலிருந்து ஒரேயடியாக அடங்கிப் போனான். சாயங்காலமானால் அவனே பிளாஸ்க்கில் காப்பி வாங்கி வந்து அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்தான். மகனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஆவுடையப்பனுக்கு ஒரே பெருமை. தங்கத்தாயும் அப்படித்தான் நினைத்தாள்.

மார்கழி பிறந்த மறுநாள் அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து விளக்கு ஏற்றும்போது, வாசலில் பிச்சையா ஆசாரி நின்றார். செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், ஒரு வார்த்தை பேசாமல் வந்து படியில் உட்கார்ந்தார்.

"வாங்க ஆசாரி" என்றாள் தங்கத்தாய்.

சாவு விழுந்த துட்டி வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. ஆசாரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்தார், தலையில் பூவைப் பார்த்தார். படியை விட்டுச் சட்டென்று எழுந்தார்.

"யாருட்டி அது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து ஆவுடையப்பன் வந்தார்.

ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "மொதலாளி தவறிட்டாக, காரியமும் முடிஞ்சுட்டுன்னு மருதப்பன் சொன்னாரு. பின்வாசல் வழியா நேரா குடோனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. இப்பத்தான் கண்ணைத் திறந்துட்டு, ஒன்பதையும் வெட்டிட்டு வாரேன். வீட்டுக்குப் போவ வேண்டாம்னுதான் சொன்னாரு. துட்டி கேக்காமப் போவ மனசு வரல" என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்க அவரால் முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை இடுப்பில் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது. தங்கத்தாய்க்குக் கார்த்திகையிலிருந்து அவர் குடித்த காப்பியெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் இருமல் தொடங்கியதும் அப்போதுதான்.

வாசலில் சைக்கிள் வந்து நின்றது. மருதப்பன் பிளாஸ்க்கோடு ஏறி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆறிரப் போவுதுப்பா" என்று டம்ளரில் ஊற்றி நீட்டினான். பழக்கதோஷத்தில் ஆவுடையப்பனின் கையும் நீண்டது. தங்கத்தாய் குறுக்கே வந்து டம்ளரை வாங்கினாள்.

"நீ ஒரு வாய் குடி மக்கா" என்று மகனிடமே நீட்டினாள்.

"நான் இப்பத்தாம்மா குடிச்சேன்" என்றான் மருதப்பன்.

"பரவாயில்ல. ஒரு வாய்தானே. அம்மைக்காகக் குடி."

அவன் டம்ளரைப் பார்த்தான். அவள் நீட்டின கையை மடக்கவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டியது. அவன் குடிக்கவில்லை.