தரையிலிருந்து எழும்போது

ஆஃப்ரின் கையை ஊன்றித்தான் எழுந்தாள். இல்லை, மங்கலான விளக்கில் எனக்கு அப்படித் தெரிந்திருக்கும்.

விடியற்காலைத் தொழுகையிலிருந்து ஜீனத் இதையே மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவிலிருந்து எழும்போது மகள் முழங்காலைப் பிடித்துத் தன்னை மேலே தள்ளினாள். மூன்று வருஷத்துக்கு முன்பு மகன் பாசிலும் அப்படித்தான் எழ ஆரம்பித்தான். மொபைல் கடையில் நாளெல்லாம் நிற்கிற அலுப்பு என்று நினைத்து அவள் தைலம் தேய்த்துவிட்டாள். போன மாதம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் படியேற முடியாமல் விழுந்த பிறகுதான் டாக்டரிடம் காட்டினார்கள்.

அன்று காலை தில்லைநகரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையிலிருந்து பாசில் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தான்.

"என்னண்ணே, உள்ள கொட்டு மேளமா? இங்க வரைக்கும் கேட்டுச்சு," என்றாள் ஆஃப்ரின்.

"உன் குறட்டைக்கு அது பரவால்ல."

அவன் சட்டை மாற்றப் போனான். டாக்டர் அறிவுமதி தாயையும் மகளையும் உள்ளே அழைத்துத் திரையைக் காட்டினார். பாசிலின் இரண்டு தொடைகள், குறுக்கே வெட்டி வைத்தது போல.

"கருப்பா இருக்கறது தசைம்மா. வெள்ளை, கொழுப்பு. எந்தத் தசை போயிருக்கு, எது தப்பிச்சிருக்குன்னு பாத்தா, எந்த வகை நோய்னு ஓரளவு சொல்லலாம். ஜீன் டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணணும்."

பின்பக்கம் முழுக்க வெள்ளை. கறிக்கடையில் கொழுப்பை நீக்கிவிட்டுத் தரச் சொல்லிக் கேட்பவள் ஜீனத். இதில் நீக்கினால் என்ன மிஞ்சும்?

"உங்களுக்குச் சொந்தத்துல கல்யாணமா?"

"மாமா பையன்தாங்க."

டாக்டரின் பார்வை ஆஃப்ரினிடம் போய் நின்றது.

"கூடப் பொறந்தவங்களுக்கும் இது வரலாம். நடையில தெரியறதுக்கு முன்னாடியே படத்துல தெரிஞ்சுடும். எங்க, நீ தரையில உக்காந்து எழுந்திரும்மா, பாப்போம்."

ஆஃப்ரின் சிரித்துக்கொண்டே துப்பட்டாவை ஒதுக்கினாள். ஜீனத் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பார்க்காதவரை, விடியற்காலையில் கண்டது வெறும் விளக்கு வெளிச்சம்தான்.

தரை பளபளவென்று காய்ந்து கிடந்தது.

"வேணாங்க டாக்டர்," என்றாள். "தரை ஈரமா இருக்கு."