மணல்திட்டில் ஏறிய படகு

வங்காளத்தில் இரண்டாம் வருடமும் மழை பொய்த்தது. பாகீரதிக் கரையில் விளைந்த கொஞ்சநஞ்ச நெல்லையும் வெள்ளைக்காரக் கும்பினியின் குமாஸ்தா திரிலோசன் சர்க்கார் தான் வைத்ததே விலை என்று வாங்கிப் பூட்டிக்கொண்டான். பட்டாளத்துக்கு என்று பேர். அரிசியை ஏற்றிப்போக ஓடக்காரன் கலாசாந்தின் படகைப் பிடித்தார்கள். கூலி கேட்டதற்கு முதுகில் பிரம்படி கிடைத்தது.

ஆறாம் நாள் படகு அவன் ஊரான பலாஷ்டாங்காவை நெருங்கியது. அங்கேதான் மனைவி மேனகாவும் ஐந்து வயது மகள் துலியும் இருந்தார்கள்.

"பாபு, ஒரே ஒரு படி அரிசி. வீட்டுல குடுத்துட்டு ஓடியாந்துடறேன்."

படகில் உடன்வந்த திரிலோசன் வெற்றிலையை மென்றபடி சிரித்தான். "கும்பினி அரிசிடா. ஒன் மாமனார் குடுத்த சீதனமா? ஓட்டு."

துறையில் ஜனங்கள் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார்கள். யாரும் கையேந்தவில்லை. பக்கத்து வீட்டு நிமாய் மட்டும் குரல் கொடுத்தான்.

"கலாசாந்து! மேனகா நேத்தே போயிட்டா. துலிக்கு இன்னும் மூச்சிருக்கு!"

துடுப்புப் போட்ட கூட்டாளி மொனாய் ஷேக் திரும்பிப் பார்த்து, "அண்ணே..." என்றான். கலாசாந்து உடம்பின் பாரமெல்லாம் கொடுத்துச் சுக்கானை வளைத்தான். படகு மணல்திட்டில் ஏறி நின்றது.

"என்னடா பண்ணினே!"

"ஆத்துல தண்ணி இல்ல, பாபு. மூட்டைய எறக்கினாத்தான் மெதக்கும்."

திரிலோசனுக்கு வேறு வழி இருக்கவில்லை. "ஊர்க்காரனுங்களக் கூப்பிடு. கரையில அடுக்கட்டும். ஒரு மணி கொறஞ்சாலும் தோல உரிச்சிடுவேன்."

ஜனங்கள் வந்தார்கள். தனியாகத் தூக்க எவருக்கும் தெம்பில்லை. மூட்டைக்கு நான்கு பேர் கைகொடுத்தார்கள். கரையில் அடுக்காமல் நேரே மூங்கில் தோப்புக்குள் போனார்கள். காவலுக்கு வந்த இரண்டு சிப்பாய்களும் சுட்டார்கள். நிமாய் மூட்டைமேலேயே கவிழ்ந்தான். மற்றவர்கள் நிற்கவில்லை.

போனது பதினோரு மூட்டை. மீதி நூற்றுக்குமேல் படகிலேயே இருந்தது. ஆனால் ஓடக்காரன் படகைக் கவிழ்த்துவிட்டான், அத்தனை அரிசியும் வெள்ளத்தோடு போயிற்று என்று திரிலோசன் தன் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்கு எழுதினான். மிச்சத்தை முர்ஷிதாபாத் சந்தையில் ஆறு மடங்கு விலைக்கு விற்றான். துரைக்கும் அதில் பங்கு; கடிதம் கணக்குக்கு மட்டும்தான். ஆற்றில் மணல் தெரிந்த வருடத்தில் வெள்ளம் ஏது என்று விசாரணைக் கச்சேரியில் ஒருவரும் கேட்கவில்லை. மொனாயை அடித்து விரட்டினார்கள். கலாசாந்துக்குக் கசையடியும் சிறையும்.

இரண்டு மாதம் கழித்து மொனாய் சிறைக் கம்பிக்கு வெளியே வந்து நின்றான்.

"துலி எங்க வூட்லதான் இருக்குண்ணே. அன்னிக்குக் கஞ்சி எறங்கிச்சு, பொழச்சுக்கிச்சு. எங்க சோத்தத்தான் திங்குது... ஜாதி போச்சேன்னு நெனைக்காத."

"போடா கிறுக்கா. வயிறாரத் திங்குதா?"

"அர வயிறு. எங்க எல்லாருக்குமே அதான்."

"என்னையக் கேக்குதா?"

"தெனமும். நீ தூரத்துக்குப் படகோட்டப் போயிருக்கறதா சொல்லி வச்சிருக்கேன்."



மழை வந்தபோது சிறைக்குள் காய்ச்சலும் வந்தது. முதல் வாரத்திலேயே அவன் போய்ச் சேர்ந்தான். பலாஷ்டாங்காவில் மிஞ்சிய பதினேழு வீடுகளிடம், செத்தவர்களின் வரியையும் சேர்த்து வாங்கினார்கள். வசூலுக்கு வந்தவன் திரிலோசன். இப்போது அவனுக்குப் பல்லக்கு இருந்தது.