படியில் விழும் வெயில்

எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். பாப்பாவின் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

மாடியிலிருந்து தொப், தொப் என்று சத்தம். அத்தை இறங்குகிறாள். மனைவி போன பிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த மாமியார், காலையில் மட்டும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படிக்குப் படி உட்கார்ந்துதான் இறங்குவாள். சாயங்காலமானால் நடந்து வருவாள்.

"முட்டி வலியா அத்தை?"

"முட்டிக்கு என்ன கேடு? உங்க படிதான் கண்ணாமூச்சி ஆடுது மாப்பிள்ளை."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டடம் வரைவது அவன் தொழில். அந்தப் படிக்கட்டும் அவன் வரைந்ததுதான். வெள்ளைப் பளிங்கு. எதிரே கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதில் குறுக்குச் சட்டங்கள். காலை வெயில் படிகளின்மேல் பட்டை பட்டையாக விழும். பத்திரிகையில்கூடப் படம் போட்டார்கள். அதற்குப் போய்த் திரை மாட்டச் சொல்கிறாள்.

போதாக்குறைக்கு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கதை. மகள் கடைசியாக, பாப்பாவைக் கைவிட்டுவிடாதே அம்மா என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாளாம். அப்போது அவள் வாயில் குழாய் இருந்தது. அவன் திருத்தவில்லை.

கீழே வந்ததும் அத்தை புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இவளைத் தூக்கிக்கிட்டு இனிமே என்னால தேய்ச்சுத் தேய்ச்சு இறங்க முடியாது. நாளைக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்க வெயிலை நீங்களே வச்சுக்குங்க."

பாப்பாவை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். எப்படி இறங்குவதென்று காட்டுகிறேன் பாருங்கள் என்றான். கையில் குழந்தை இருந்ததால் கால் தெரியவில்லை. வெயிலும் நிழலும் மட்டும் தெரிந்தன. மூன்றாவது படி என்று கால் வைத்த இடத்தில் படி இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தான். பாப்பா சிரித்தாள். அத்தை ஏறி வந்து பாப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆபீசுக்கு லீவு சொன்னான். கறுப்பு டேப்பை எடுத்து ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒட்டினான், உட்கார்ந்து உட்கார்ந்து. பளிங்கு அசிங்கமானது. விளிம்பு தெரிந்தது.

அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள், நடந்தே இறங்கினாள். ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

"அவ இருந்தப்போ இதைப்பத்தி ஒண்ணுமே சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், இதே வெயிலில், மேல்படியில் நின்றுகொண்டு. காரில் மயங்கியவள் பிறகு பேசவே இல்லை.

"கொஞ்சம் கையப் பிடிங்க. இதுல எது படி, எது வெயில்னே தெரியல."